கம்ப்யூட்டர் வேலையால் கழுத்து வலியா? வீட்டிலேயே தொடங்க ஒரு செய்முறை

கழுத்து வலி என்று எங்களிடம் வருகிறவர்கள் உட்காரும் முன்பே எக்ஸ்ரே கவரை நீட்டுவார்கள். "கழுத்தெலும்பு தேஞ்சுபோச்சாம் மேடம்" என்று சொல்லும்போது முகத்தில் பயம் தெரியும். வயது நாற்பதுகூட ஆகியிருக்காது. வலியே இல்லாதவர்களைக் கூட்டிவந்து எக்ஸ்ரே எடுத்தாலும் பலருக்குத் தேய்மானம் தெரியும், தலைமுடி நரைப்பது போல அதுவும் வயதோடு வருவது என்பதைத்தான் அவர்களுக்கு முதலில் சொல்வேன். நாள் முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குச் சாயங்காலம் ஆனால் பிடரி பிடிக்கிறது, தோள்பட்டை கல் மாதிரி இறுகுகிறது என்றால், பெரும்பாலும் பிரச்சினை தசையில்தான். அதைச் சரிசெய்ய முடியும்.

ஒரு பிசியோதெரபிஸ்டாக எனக்கு இருக்கும் ஆதங்கம் ஒன்றுதான். வலியைக் குறைக்கும் பயிற்சிகளை எல்லோரும் ஒழுங்காகச் செய்கிறார்கள். வலி போனதும் விட்டுவிடுகிறார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் வலு ஏற்றும் பகுதிக்கு வருவதே இல்லை. சில மாதம் கழித்து அதே வலியோடு திரும்ப வருகிறார்கள். அதனால் கீழே உள்ள 5ஆம் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

தேவையானவை: கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி, ஒரு சுவர், ஒரு டவல், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு.

ஏன் வலிக்கிறது?

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. தலை நேராக இருக்கும்போது அந்த எடை கழுத்திலுள்ள ஏழு எலும்புகளின் மேல் இறங்கிவிடும், தசைகளுக்கு அதிக வேலை இல்லை. தலை முன்னால் போகப் போக, அது விழாமல் பின்கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். 2014இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் இதைக் கணக்குப் போட்டார். தலை 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் 12 கிலோ, 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ அளவுக்குச் சுமை ஏறும் என்று வந்தது. இது கணினி மாதிரியில் போட்ட கணக்கு, உயிருள்ள கழுத்தில் அளந்தது இல்லை. ஆனாலும் விஷயம் புரியும். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரமும் நடக்கலாம். அதையே கையை நீட்டிப் பிடித்தால் ஒரு நிமிடம் தாங்காது.

இதற்காகக் குனிவதே தப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கழுத்து குனியவும் நிமிரவும் திரும்பவும்தான் இருக்கிறது. ஒரே நிலையில் இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் இருப்பதைத்தான் அது தாங்குவதில்லை. விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தவருக்கும் அசையாமலே இருந்தால் வலிக்கத்தான் செய்யும்.

படி 1: பயிற்சி தொடங்கலாமா என்று பாருங்கள்

கை விரல்கள் மரத்துப்போவது, கையில் பிடி தளர்ந்து பொருள் நழுவுவது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, நடக்கும்போது கால் தள்ளாடுவது, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, இவற்றில் எது இருந்தாலும் வீட்டில் எதுவும் முயல வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள். விழுந்து அல்லது வண்டியில் அடிபட்டு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் உடல் மெலிவது, இரவில் தூங்கவே விடாத வலி இவற்றுக்கும் அதேதான். கழுத்து வலியோடு நெஞ்சு அழுத்தம், தாடை வலி, வியர்வை சேர்ந்து வந்தால் அது இதயமாக இருக்கலாம். திடீரென்று இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாகத் தெரிவது என்றால் பக்கவாதமாக இருக்கலாம். இரண்டுக்குமே உடனே 108ஐக் கூப்பிட வேண்டும்.

இவை எதுவும் இல்லையா? சரி, தொடங்கலாம்.

படி 2: மேசையைச் சரிசெய்யுங்கள்

திரையின் மேல்விளிம்பு உங்கள் கண்மட்டத்தில் அல்லது கொஞ்சம் கீழே இருக்கட்டும். கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடும் தூரம் போதும். லேப்டாப் என்றால் 500 தாள் கொண்ட ஏ4 கட்டுகள் இரண்டை அடியில் வையுங்கள், ஒரு கட்டு சுமார் 5 சென்டிமீட்டர் உயரம் தரும். உயர்த்திய பிறகு லேப்டாப்பிலேயே தட்டச்சு செய்தால் தோள் தூக்கிக்கொள்ளும். தனி கீபோர்டும் மவுஸும் வாங்கிவிடுங்கள், கழுத்துக்காகச் செலவு செய்வதென்றால் அதற்குச் செய்யுங்கள். இரட்டைப் பார்வைக் கண்ணாடி போடுபவர்கள் மட்டும் திரையை இன்னும் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் கீழ்ப்பாதிக் கண்ணாடி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கிப் பிடரி வலிக்கும்.

திரையை விட்டால் அடுத்து பார்க்க வேண்டியது காகிதம். ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு அக்கா வலது தோள்பட்டை எலும்பின் உள்மேல் மூலையில் குத்துகிறது என்று வந்தார். இரண்டு மாதமாக ஒத்தடம், தைலம் எல்லாம் பார்த்தாயிற்று. வலது கையில் மவுஸ் பிடிப்பதால்தான் என்று முடிவே செய்துவிட்டார். "வேலை செய்வது போல உட்கார்ந்து காட்டுங்கள்" என்றேன். பில் கட்டை கீபோர்டுக்கு இடதுபக்கம் மேசைமேல் படுக்க வைத்து, இடதுபுறம் கீழே பார்த்து, திரையைப் பார்த்து, மறுபடி கீழே பார்த்து என்று காட்டினார். தோள்பட்டை எலும்பின் அந்த மூலையிலிருந்து கழுத்தின் மேல் நான்கு எலும்புகளுக்கு ஏறும் லெவேட்டர் ஸ்கேபுலே என்ற தசை ஒன்று உண்டு. இடதுபுறம் கீழே பார்த்தால் வலதுபக்கத் தசை இழுபடும், நாளெல்லாம். ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டைப் பெட்டியை வெட்டிச் சாய்வாக ஒரு தாங்கி செய்து, பில்களைத் திரைக்குப் பக்கத்திலேயே நிமிர்த்தி வைக்கச் சொன்னேன். பயிற்சியும் சேர்த்துச் செய்தார். மூன்றாம் வாரம் அந்தக் குத்தல் போய்விட்டது.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்யாதீர்கள். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுவது கழுத்துக்கு மட்டுமில்லை, உயிருக்கே ஆபத்து.

அப்புறம், அரை மணிக்கு ஒரு முறை எழுந்திருங்கள், ஒரு நிமிடம் போதும். போன் பேசுவதை நடந்துகொண்டே பேசலாம். தண்ணீர்ப் பாட்டிலைச் சின்னதாக வைத்துக்கொண்டால் நிரப்புவதற்காகவாவது எழுந்து போவீர்கள்.

படி 3: முதல் வாரம், அசைவு மட்டும்

வலி அதிகமாக இருந்தால் முதலில் 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். டவலை வெந்நீரில் முக்கிப் பிழிந்து பிடரியில் போட்டாலே போதும்.

மோவாயைப் பின்னிழுத்தல். எல்லாவற்றிலும் முக்கியமானது இது, தப்பாகச் செய்யப்படுவதும் இதுதான். சுவரில் முதுகு சாய்த்து உட்காருங்கள். பார்வை நேரே. இரண்டு விரலை மோவாயில் லேசாக வைத்து, விரல் அங்கேயே இருக்க, மோவாயை மட்டும் அதிலிருந்து விலக்கிப் பின்னால் கொண்டுபோங்கள். மேசை இழுப்பறையை உள்ளே தள்ளுவது போல நேர்க்கோட்டில் போக வேண்டும். கழுத்தின் பின்பக்கம் மேலே நீள்வது போலவும், இரட்டை மோவாய் விழுவது போலவும் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். 5 விநாடி நிறுத்தி, விடுங்கள். 10 முறை.

தப்பு எங்கே வரும்? நிறையப் பேர் மோவாயை நெஞ்சுப் பக்கம் குனிப்பார்கள். சிலர் தலையை அண்ணாந்து பின்னால் சாய்ப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்துச் செய்பவர்களும் உண்டு. முழு பலமும் வேண்டாம், பாதி பலம் போதும். செய்யும்போது ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சு தானாக ஓடும். கழுத்தின் முன்பக்கத்தில், உணவுக் குழாய்க்குப் பின்னால், எலும்போடு ஒட்டிச் சில ஆழமான தசைகள் இருக்கின்றன. நாள்பட்ட கழுத்து வலியில் அவை சோம்பிப்போகும். அவற்றை எழுப்புவதுதான் இந்தப் பயிற்சி.

அடுத்தது திருப்புதல். மெதுவாக இடதுதோள் பக்கம், பிறகு வலதுதோள் பக்கம், வலிக்காத எல்லை வரை, பக்கத்துக்கு 10 முறை. தலையை வட்டமாகச் சுழற்ற வேண்டாம், தலைசுற்றல் வரும், பலனும் பெரிதாக இல்லை.

மூன்றாவது, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் ஒன்றையொன்று நெருங்கும்படி இழுத்து 5 விநாடி நிறுத்துவது. தோள் காதைப் பார்த்து ஏறக் கூடாது. 10 முறை.

மூன்றையும் சேர்த்து ஐந்து நிமிடம்தான். காலை, மதியம், மாலை செய்யுங்கள்.

படி 4: இரண்டாம் வாரம், நீட்டல்

வலதுபக்கத்துக்குச் சொல்கிறேன், இடதுபக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வலதுகையால் நாற்காலியின் இருக்கையைப் பிடியுங்கள். முகத்தை இடதுபக்கம் பாதி திருப்பி, உங்கள் இடது அக்குளைப் பாருங்கள். இடதுகையைத் தலையின் பின்பக்கத்தில் வையுங்கள், இழுக்க வேண்டாம், கையின் எடையே போதும். வலது பின்கழுத்தில் இதமான இழுப்பு வரும். 30 விநாடி, மூன்று முறை.

வாசல் நிலையில் இரு முழங்கையையும் ஊன்றி ஒரு காலை முன்வைத்து நெஞ்சை விரிப்பதும் நல்லது, அதுவும் 30 விநாடிதான்.

படி 5: மூன்றாம் வாரத்திலிருந்து, வலு

2011இல் டென்மார்க்கில் ஒரு ஆய்வு வெளியானது. அடிக்கடி கழுத்து, தோள் வலி வரும் 198 அலுவலக ஊழியர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு தினமும் 2 நிமிடம், இன்னொன்று 12 நிமிடம், எலாஸ்டிக் ட்யூப்பைப் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் தூக்கும் ஒரே ஒரு பயிற்சியை வாரம் ஐந்து நாள், 10 வாரம் செய்தது. மூன்றாவது குழுவுக்குப் பயிற்சி இல்லை. பத்து வாரம் கழித்துப் பார்த்தால் 2 நிமிடக் குழுவுக்கும் வலி தெளிவாகக் குறைந்திருந்தது. நேரமில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த ஆய்வைத்தான் சொல்வேன்.

ட்யூப் இல்லாவிட்டால் பாட்டில் போதும். கைக்கு ஒரு பாட்டிலாகப் பிடித்து நில்லுங்கள். முழங்கையை லேசாக மடித்து, கைகளைப் பக்கவாட்டில், உடம்புக்குச் சற்று முன்னால் வரும்படி, தோள்மட்டம் வரை மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். இறக்குவதில் அவசரம் வேண்டாம். இரண்டு நிமிடம் முழுதாகச் செய்ய முடியாவிட்டால் ஒரு நிமிடத்தில் தொடங்குங்கள். இரண்டு நிமிடம் சுலபமாகிவிட்டால் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு மாறுங்கள். தோள் மூட்டிலேயே குத்தினால் தூக்கும் உயரத்தைக் குறையுங்கள்.

இதோடு கழுத்துக்கு ஒன்று. உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் அழுத்துங்கள், தலை அசையாதபடி கை எதிர்க்கட்டும். பலம் கால்வாசிக்கு மேல் வேண்டாம். 5 விநாடி, ஐந்து முறை. பின்தலையிலும் இரண்டு பக்கங்களிலும் அப்படியே.

எவ்வளவு வலி வரலாம் என்று கேட்பீர்கள். பத்துக்கு மூன்று வரை வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். பயிற்சியின்போது வலி கைக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று

சலூனில் முடி வெட்டியதும் தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள், ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தலை திரும்பும் அளவில் ஏறக்குறைய பாதி, கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் நடக்கிறது. மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் அதே இடத்தில் வளைந்து ஏறுகின்றன. திடீர் முறுக்கில் அவற்றின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் ஒரு சொடக்குக்காக அந்த அபாயம் தேவையில்லை.

கழுத்துப் பட்டையை மருத்துவர் சொல்லாமல் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். நாள்கணக்கில் போட்டால் தசை இன்னும் பலவீனமாகும். தலையணை, பக்கவாட்டில் படுத்தால் காதுக்கும் தோளுக்கும் இடையிலுள்ள உயரத்துக்கு இருக்கட்டும், மல்லாந்து படுத்தால் அதைவிடத் தாழ்வாக. குப்புறப் படுத்தால் கழுத்து இரவெல்லாம் ஒரு பக்கம் திரும்பியே கிடக்கும்.

ஆறு வாரத்தில் ஓரளவாவது முன்னேற்றம் இல்லை என்றால் நேரில் காட்டுங்கள். வலி போய்விட்டதா? 3, 4 படிகளைக் குறைத்துக்கொள்ளலாம். பாட்டில் பயிற்சியை மட்டும் வாரம் மூன்று நாளாவது தொடருங்கள். மாதக் கடைசியில் வேலை குவிந்து வலி மறுபடி எட்டிப் பார்த்தால் பதற வேண்டாம். இரண்டு நாள் படி 3க்குத் திரும்பிப் போய், வலி அடங்கியதும் பாட்டிலை எடுங்கள்.