பழைய வேக்போர்டு படகு வாங்கும்போது குடும்பங்கள் செய்யும் தவறுகள்

டெக்சஸின் டல்லாஸ் பக்கம் மே மாதம் பிறந்துவிட்டால் லூயிஸ்வில், கிரேப்வைன், ரே ஹப்பர்ட் ஏரிகளில் சனி, ஞாயிறு படகுக் கூட்டம்தான். பிள்ளைகள் நண்பர் வீட்டுப் படகின் பின்னால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் சறுக்கும் வேக்போர்டு ஒருமுறை ஆடிவிட்டு வருவார்கள். அன்று ராத்திரியே "நாமும் ஒன்று வாங்கலாமா அப்பா?" என்று ஆரம்பிக்கும். புதுசு என்றால் விலை சாதாரணமாக ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. ஆகவே பழசு தேடுவோம். எல்லாரும் தேடுகிற அந்த மே மாதத்திலேயே, பிள்ளைகள் அவசரப்படுத்த அவசரப்படுத்த, முதலில் கண்ணில் பட்டதை வாங்குவதுதான் முதல் தவறு. செப்டம்பர், அக்டோபரில் பாருங்கள். குளிர்காலத்துக்குப் படகை நிறுத்த இடம், பராமரிப்புச் செலவு என்று விற்பவர் யோசிக்கத் தொடங்கும் காலம் அது. பேரம் படியும். தண்ணீரும் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், ஏரியில் ஓட்டிப் பார்க்கலாம்.

இரண்டாவது தவறு, படகின் வகையே தெரியாமல் வாங்குவது. பின்னால் மோட்டார் தொங்கும் படகிலும், எஞ்சின் உள்ளே இருந்து புரொப்பெல்லர் மட்டும் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் படகிலும் விலை குறைவு. நீளக் கயிற்றில் 20 மைல் வேகத்தில் வேக்போர்டு இழுக்க அவையும் போதும். ஆனால் அடுத்த வருஷமே பிள்ளைகள் வேக்சர்ஃப் கேட்பார்கள். அதில் படகு 10, 11 மைல் வேகத்தில்தான் போகும். ஆடுபவர் படகுக்குப் பின்னால் சில அடி தூரத்திலேயே, கயிறுகூட இல்லாமல், அலையின் மேல் நிற்பார். விழுந்தால் சுழலும் புரொப்பெல்லர் பக்கத்திலேயே விழுவார். அந்த மாதிரிப் படகுகளின் பின்னால் சர்ஃப் செய்யவே கூடாது. புரொப்பெல்லர் முன்நோக்கி இருக்கும் சில புதிய மாடல்கள் மட்டும் விதிவிலக்கு. மாஸ்டர்கிராஃப்ட், மாலிபு, நாட்டிக், டெக்சஸ் அபிலீனில் தயாராகும் டிகே போன்ற இழுவைப் படகுகளில் புரொப்பெல்லர் படகின் அடிவயிற்றில் உள்ளடங்கி இருக்கும். குடும்பத்துக்கு அதுதான் சரி. அதிலும் யாராவது ஏறும்போதும் இறங்கும்போதும் எஞ்சினை அணைத்தே ஆக வேண்டும்.

இனி எஞ்சின். இங்கேதான் அதிகப் பணம் போகிறது.

இந்தப் படகுகளின் எஞ்சின் ஏரித் தண்ணீரை உறிஞ்சித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பலவற்றில் அந்தத் தண்ணீர் எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்கின் உள்ளேயே ஓடும். குளிர்காலத்துக்கு முன் அதை முழுக்க வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால் உறைந்து விரியும் பனிக்கட்டி வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். "டெக்சஸில் என்ன பெரிய குளிர்" என்று சொல்லி விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். 2021 பிப்ரவரியில் டல்லாஸ் விமான நிலையத்தில் வெப்பநிலை மைனஸ் 2 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. பல வீடுகளில் மின்சாரமும் இல்லை. அங்கெல்லாம் கராஜில் ஹீட்டர் வைத்திருந்தவர்களுக்கும் அது பயன்படவில்லை. அதனால் இந்தப் பகுதிப் படகு எதுவானாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: "2020 கடைசியில் தண்ணீர் வடித்தது யார்? ரசீது இருக்கிறதா?"

விரிசலைப் பசை வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்து விற்பதும் உண்டு. பிளாக்கின் இரண்டு பக்கங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக மின்னுகிறதா, துருக்கோடு நீளமாக ஓடுகிறதா என்று கவனியுங்கள். எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. பேரமே வேண்டாம், வண்டியைத் திருப்புங்கள்.

நாங்கள் முதன்முதலில் பார்க்கப் போன படகு 2006 மாடல், பளபளவென்று இருந்தது. உரிமையாளர் சாவியைத் திருப்பியதும் உடனே பிடித்துக்கொண்டது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. என் மச்சான் மட்டும் எஞ்சின் மூடியைத் திறந்து கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார். மறுநாள் காலை சொல்லாமல் போய், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சொன்னோம். நான்கைந்து முறை முக்கி முனகிய பிறகுதான் கிளம்பியது. அன்றிலிருந்து, "நாங்கள் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்" என்று ஃபோனிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஓடிய மணிக்கணக்கு குறைவாக இருந்தால் நல்ல படகு என்று நினைப்பதும் தவறுதான். 15 வருஷத்தில் 250 மணி நேரம் மட்டுமே ஓடிய படகு பெரும்பாலும் சும்மா நின்றிருக்கிறது. பெட்ரோல் கெட்டிருக்கும், ரப்பர் குழாய்கள் காய்ந்திருக்கும், தண்ணீர் பம்பில் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் ஒரே நிலையில் நின்று இறுகியிருக்கும். வருஷா வருஷம் எண்ணெயும் இம்பெல்லரும் மாற்றி, ரசீதுகளைக் கோப்பில் அடுக்கி வைத்திருப்பவரின் 700 மணி நேரப் படகை நான் தயங்காமல் எடுப்பேன். மீட்டரை மட்டும் நம்பவும் வேண்டாம். பிந்தைய மாடல்களில் எஞ்சின் கணினியிலேயே மணிக்கணக்கு பதிவாகியிருக்கும். மெக்கானிக் படித்துச் சொல்வார்.

அடுத்தது, ஏரியில் இறக்காமல் வாங்குவது. வீட்டு வாசலில் தோட்டக் குழாயை மாட்டி எஞ்சினை ஓட்டிக் காட்டினால், எஞ்சின் ஓடுகிறது என்பது மட்டும்தான் தெரியும். ஏரியில் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். ஒரு தடவை முழு வேகத்துக்குக் கொண்டுபோய் வெப்பமானியைக் கவனியுங்கள். தரையில் அதிர்வு ஏறினால் புரொப்பெல்லர் அடிபட்டிருக்கலாம், அதைச் சுழற்றும் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம். ரிவர்ஸில் ஒரு பக்கமாக இழுத்தால் பயப்படாதீர்கள், இந்த வகைப் படகுகளின் இயல்பே அது. அலையைப் பெரிதாக்குவதற்கான பாலாஸ்ட் தொட்டிகள் எல்லாவற்றையும் நிரப்பி, பிறகு முழுவதும் வடித்தும் பாருங்கள். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 2,000 பவுண்டு பாலாஸ்ட் என்றால் ஏறக்குறைய 240 காலன். ஒரு பம்ப் இறந்திருந்தாலும் படகு ஒரு பக்கம் சாயும். நிரப்பும்போது எஞ்சின் அடியில் தண்ணீர் சேர்கிறதா என்றும் பாருங்கள்.

படகு எந்த ஏரியில் இருந்தது என்பதையும் கேளுங்கள். வேகமாகப் பெருகித் தொல்லை தரும் சிறு சிப்பிகளான ஜீப்ரா மட்டிகள் டெக்சஸில் முதலில் 2009இல் டெக்சோமா ஏரியில் தென்பட்டன. பிறகு பல ஏரிகளுக்குப் பரவின. பாலாஸ்ட் தொட்டியில் தேங்கும் தண்ணீரில் அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் பயணம் செய்யும். ஏரியை விட்டுக் கிளம்பும்போது படகில் தண்ணீர் இருக்கக் கூடாது என்பது 2014 முதல் மாநிலம் முழுவதற்கும் சட்டம். வடிக்கும் பம்ப் வேலை செய்யாத படகால் அதைக் கடைப்பிடிப்பது கடினம்.

1990களின் முற்பகுதிக்கு முந்தைய படகு என்றால் தரையை மிதித்துப் பாருங்கள். அக்காலத்தில் பலவற்றின் அடிச்சட்டம் மரம். உள்ளே ஈரம் இறங்கி உளுத்திருந்தால் பழுதுபார்க்கும் செலவு படகின் விலையைவிட அதிகமாகலாம்.

குடும்பங்களுக்கு நான் எப்போதும் அழுத்திச் சொல்வது கார்பன் மோனாக்சைடைப் பற்றித்தான். எஞ்சின் புகையில் வரும், நிறமும் மணமும் இல்லாத வாயு அது. மெதுவாகப் போகும்போதும், எஞ்சின் ஓடியபடி நிற்கும்போதும், பின்பக்கப் பலகையைச் சுற்றி அது தேங்கும். பிள்ளைகள் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்க விரும்புகிற இடம் சரியாக அதுதான். ஓடும் படகின் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர்கள் இறந்ததால், கலிபோர்னியா 2005 முதல் அதைச் சட்டப்படியே தடை செய்திருக்கிறது. பழைய படகில் புகைக்குழாய் இணைப்புகள் ஒழுகலாம். பொருத்தியிருக்கும் எச்சரிக்கைக் கருவியும் சில வருஷங்களில் காலாவதியாகிவிடும். கருவியின் பின்னால் தேதியைப் பாருங்கள். தலைவலி, வாந்தி என்று பிள்ளை சொன்னால் அலைப் பயணத்தின் குமட்டல் என்று முடிவுகட்டிவிடாமல் உடனே எஞ்சினை அணைத்து, காற்று வீசும் பக்கம் கொண்டுபோங்கள். நிற்காவிட்டால் மருத்துவ உதவிக்கு அழையுங்கள்.

முன்பக்க இருக்கையில் நான்கு பிள்ளைகளை உட்கார வைத்து, பாலாஸ்ட்டையும் நிரப்பி, தன் அலைக்குள்ளேயே திரும்பி வந்தால் முகப்பு வழியாகத் தண்ணீர் வாரிக்கொண்டு ஏறும். உங்கள் வீட்டு ஆட்களோடு நண்பர் குடும்பமும் வருமா என்று எண்ணிப் பார்த்து நீளத்தை முடிவு செய்யுங்கள்.

இழுக்க வண்டி இருக்கிறதா? நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் சியன்னா, ஒடிசி மினிவேன்கள். இரண்டின் இழுவைத் திறனும் 3,500 பவுண்டு. ஹைலாண்டர் பெட்ரோல் வண்டி 5,000 வரை. 22 அடிப் படகு, டிரெய்லர், பெட்ரோல், சாமான் எல்லாம் சேர்ந்தால் 6,000 பவுண்டை எளிதில் தாண்டும். படகோடு ஒரு டிரக்கும் வாங்க வேண்டிவரும் என்பது பலருக்குக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறைக்கிறது. கராஜையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். டிரெய்லர் மூக்கிலிருந்து பின்பலகை வரை 25 அடிக்கு மேல் வரும். வாசலில் நிறுத்த வீட்டு உரிமையாளர் சங்கமான எச்ஓஏ விடாது என்றால் மாதாமாதம் சேமிப்பிட வாடகை கட்ட வேண்டும். டிரெய்லர் டயர் புதிதுபோல் தெரிந்தாலும் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஆறு வருஷத்துக்கு மேல் என்றால் மாற்றிவிட்டுத்தான் நெடுஞ்சாலையில் ஏற வேண்டும்.

காகித வேலையில் அலட்சியம் வேண்டாம். படகின் பின்புறம் வலப்பக்கத்தில் 12 எழுத்து அடையாள எண் பொறித்திருக்கும். உரிமைப் பத்திரமான டைட்டிலில் இருப்பதும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். விற்பவரின் ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயரும் டைட்டிலில் இருக்க வேண்டும். வங்கிக் கடன் பாக்கியிருந்தால் வங்கியிலேயே உட்கார்ந்து பணத்தைக் கட்டுங்கள். டெக்சஸில் படகின் டைட்டில் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையிடம், டிரெய்லரின் பதிவு மாவட்ட வரி அலுவலகத்தில். இரண்டும் தனித்தனி.

இவ்வளவும் நமக்குத் தெரியாது என்றால் படகைச் சோதித்துச் சொல்லும் கடல்சார் சர்வேயர் ஒருவரையோ, இந்த எஞ்சின்களை மட்டுமே பார்க்கும் மெக்கானிக்கையோ கூட்டிப்போங்கள். சில நூறு டாலர் ஆகும். யானை வாங்குகிறவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?

வாங்கியாயிற்று. 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் ஓட்டப்போகிறார் என்றால் டெக்சஸில் படகோட்டிப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். படகு ஓடும்போது 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. ஆளை இழுக்கும்போது பின்னால் பார்க்க 13 வயதான ஒருவராவது வேண்டும், இல்லையென்றால் கண்ணாடி இருக்க வேண்டும். படகில் எஞ்சினை நிறுத்தும் கயிறு இருந்தால், வேகமாக ஓட்டும்போது அது ஓட்டுபவர் உடம்போடு மாட்டியிருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரலிலிருந்து கூட்டரசுச் சட்டம். முதல் நாள் யாரையும் இழுக்காதீர்கள். ஒரு வாரநாள் காலையில், படகை இறக்கும் சரிவான ராம்ப் காலியாக இருக்கும்போது, பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் போய், படகை இறக்கி, கரையோரம் ஒட்டி நிறுத்தி, மறுபடி டிரெய்லரில் ஏற்றி, இதையே ஐந்தாறு தடவை செய்யுங்கள். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம்.