நஃபியான் பூசிய மின்முனை: எங்கெல்லாம் சறுக்குகிறது?

மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனை மின்முனையால் அளக்கப் போனால் முதல் தலைவலி அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி). மூளையின் செல்வெளித் திரவத்தில் அது டோபமைனைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். வெறும் கார்பன் மின்முனையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் ஆக்சிஜனேற்றம் அடையும். அதற்குத்தான் நஃபியான் பூச்சு. அந்தப் பாலிமரின் சல்ஃபோனேட் தொகுதிகளுக்கு எதிர்மின்சுமை உண்டு. பிஎச் 7.4-இல் நேர் அயனியாக இருக்கும் டோபமைனை அது உள்ளே இழுக்கும். அஸ்கார்பிக் அமிலம் அங்கே எதிர் அயனியான அஸ்கார்பேட்டாக இருக்கும்; அதைத் தள்ளிவிடும்.

பூச்சு கனமாக இருந்தால் நல்லது என்று நினைத்து, புட்டியில் வரும் 5% கரைசலை அப்படியே சொட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மி.மீ. விட்டமுள்ள மின்முனையில் 0.5% கரைசலை 5 மைக்ரோலிட்டர் விட்டால், காய்ந்தபின் படலம் சுமார் 1.8 மைக்ரோமீட்டர். அதே அளவு 5% கரைசல் என்றால் 18. மூலக்கூறு படலத்தைக் கடக்கும் நேரம் தடிமனின் வர்க்கத்தோடு ஏறும்; எனவே 100 மடங்கு காத்திருக்க வேண்டும். சூடான காற்றில் அவசரமாக உலர்த்தினால் பாலிமர் ஓரத்தில் வளையமாகத் தேங்கி, நடுவில் மெலிந்துவிடும். மூடிவைத்து மெல்லக் காயவிடுங்கள்.

பலரைக் குழப்புவது இன்னொன்று. பூச்சு முடிந்ததும் வழக்கம்போல் பெர்ரிசயனைடு கரைசலில் சோதிப்பார்கள். மின்னோட்ட வரைபடத்தில் முகடு சுருங்கிக் கிடக்கும். மின்முனை கெட்டுவிட்டது என்று, நல்ல பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள்! பெர்ரிசயனைடு எதிர் அயனி. அது நுழையாமல் இருப்பதுதான் பூச்சு வேலை செய்வதற்கு அடையாளம். நேர் அயனியான ஹெக்சாஅமின் ருத்தேனியத்தையும் வைத்துப் பாருங்கள். அதற்கும் முகடு எழவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். மின்முனையின் பரப்பளவை அளப்பதென்றால், பூசுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

அமில பஃபருக்கு (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) மாறினால் கதையே வேறு. அஸ்கார்பிக் அமிலத்தின் பிகேஏ, அதாவது அதில் பாதி அயனியாகியிருக்கும் பிஎச், சுமார் 4.2, அதற்குக் கீழே அது பெரும்பாலும் மின்சுமையற்றது, விலக்க ஒன்றுமில்லை. அஸ்கார்பிக் அமிலத்தை மட்டும் சோதித்துவிட்டு 'டோபமைனுக்கே உரியது' என்று எழுதுவதும் அவசரம்தான். மூளையின் இன்னொரு செய்தி கடத்தியான செரட்டோனினும் நேர் அயனி, அதையும் நஃபியான் வரவேற்கும்.

அளவுத்திருத்தத்தை (செறிவு தெரிந்த கரைசல்களில் மின்முனையைச் சரிபார்ப்பதை) குறைந்த செறிவிலிருந்து தொடங்குங்கள். படலத்தில் தங்கிய டோபமைன் உடனே வெளியேறாது. முதலில் செறிவான கரைசலில் முக்கினால் அடுத்த அளவீடு பொய்யாக உயரும். நிறம் மாறிய பழைய டோபமைன் கரைசலைத் தொடவே வேண்டாம்.