கேட் ரீசனிங்: ஒரு சொல்லில் மாறும் விடை

பேங்க் எக்ஸாமுக்குப் படித்துப் பழகியவர்கள், எம்பிஏ சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வின் டிஐஎல்ஆர் (தரவு விளக்கம், தர்க்கம்) பகுதிக்கு வரும்போது முதல் கேள்வியிலிருந்து வரிசையாகப் போட்டுக்கொண்டே போவார்கள். முதலில் விட வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான். இருப்பது 40 நிமிடம். எல்லா செட்டையும் (ஒரே தகவலை வைத்துக் கேட்கும் கேள்விக் கூட்டம்) முடிப்பவர் அபூர்வம். முதல் 5 நிமிடம் பேனாவைத் தொடாமல் அத்தனையையும் வாசித்து, எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்தது சொல். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும்தான். உதாரணத்துக்கு ஒரு புதிர்: நெல்லை ஜங்ஷனில் தென்காசி ரயில் ஏறிய நால்வர் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஆளுக்கொரு ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். (காருகுறிச்சியை விட்டுவிட்டோம், ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.) இசக்கி இறங்கியதற்கு அடுத்த ஸ்டேஷனிலேயே சுடலை இறங்குகிறார். செல்வி முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை. முருகன் செல்விக்குப் பிறகு.

இசக்கி–சுடலை ஜோடிக்கு 1-2, 2-3, 3-4 என மூன்றே இடம். அதனால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 2-3 என்றால் செல்வி ஓரத்துக்குப் போய்விடுவார். 3-4 என்றால் முருகன் முந்திவிடுவார். மிச்சம் 1-2, செல்வி கல்லிடை, முருகன் அம்பை.

இசக்கி–சுடலை குறிப்பு ஆங்கிலத் தாளில் ‘இம்மீடியட்லி பிஃபோர்’ என்று வரும். அதை வெறும் ‘பிஃபோர்’ என்று வாசித்திருந்தால்? ஒன்றுக்குப் பதில் மூன்று வரிசை வரும். விடை நிரப்ப நீங்கள் வரைந்த கட்டத்தில் இரண்டு வரிசை நின்றால் ஊகிக்காதீர்கள், குறிப்புகளை மறுபடி வாசியுங்கள். ‘அட் லீஸ்ட்’, ‘ஒன்லி இஃப்’ இரண்டும் இதே மாதிரி காலை வாரும்.

4 நிமிடத்தில் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லையென்றால் செட்டை விட்டுவிடுங்கள். ‘இவ்வளவு நேரம் போட்டாச்சே’ என்று அதிலேயே உட்கார்ந்தால் எளிய செட் ஒன்று கைநழுவும். சரியான விடைக்கு 3 மதிப்பெண், ஆப்ஷன் கேள்வியில் தவறுக்கு 1 குறையும். விடையை டைப் செய்யும் கேள்வியில் கழிவு இல்லை. அதை வெறுமையாக விடாதீர்கள்.

திரையிலுள்ள கால்குலேட்டரை மவுஸால் தட்டுவது மெதுவான வேலை. சதவீதத்தை மனக்கணக்காகவே பழகிக்கொள்ளுங்கள்.

2017 முதல் 2019 வரை இந்தப் பகுதிக்கு 60 நிமிடம். அந்த ஆண்டுகளின் தாள்களைக் கடிகாரம் பார்க்காமல், தினம் இரண்டு செட்டாகப் போடுங்கள். 2020 முதலான தாள்களை 40 நிமிடம் வைத்துப் போட மிச்சம் வையுங்கள்.