டைகாவைத் திட்டுவதற்கு முன்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் தன் முதல் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) விமர்சனத்தை அனுப்பித் திருத்தித் தரச் சொன்னார். டைகா என்ற பெண்ணைக் கதாநாயகியாகக் கொண்ட ‘டோராடோரா!’ தொடர் பற்றி நான்கு பக்கம். இரண்டாவது பத்தியிலேயே இப்படி ஒரு வரி: “கதாநாயகி காரணமே இல்லாமல் எல்லோரையும் அடிக்கிறாள். இப்படிப்பட்ட பெண்ணை யார் காதலிப்பார்கள்? ஆகவே கதை தோற்றுவிட்டது.” படித்ததும் எனக்கு முகம் சூடாகிவிட்டது. பல வருடங்களுக்கு முன் இதே வரியை, ஏறத்தாழ இதே சொற்களில், நானே எழுதியிருக்கிறேன்.

அதன்பின் என் கைக்கு வந்த வேறு சில கட்டுரைகளிலும் இதே சறுக்கல். கதாநாயகியை நடுவில் வைத்த பள்ளிக் காதல் நகைச்சுவை அனிமேக்களைப் பற்றி எழுதத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் வரிசையாக ஒரே பள்ளத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பெயர்களைத் தவறாக எழுதுவது, முடிவை முதல் வரியிலேயே போட்டு உடைப்பது போன்றவற்றை நீங்களே திருத்திக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முத்திரை குத்துவது

வெளியே சிடுசிடுப்பு, உள்ளே பாசம். இப்படிப்பட்ட பெண் பாத்திரத்துக்கு ‘சுந்தெரே’ என்று பெயர். அனிமே பார்க்கத் தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே இந்தச் சொல் நம் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. டைகாவைப் பற்றி வரும் கட்டுரைகளில் முதல் வரியே பெரும்பாலும் இதுதான்.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. 2005இல் ஷானா, 2006இல் லூயிஸ் என்று வேறு இரண்டு தொடர்களின் கதாநாயகிகள், 2008 அக்டோபரில் டைகா. மூவருக்கும் குரல் கொடுத்தவர் ரியே குகிமியா. மூன்று தொடர்களையும் தயாரித்தது ஜே.சி. ஸ்டாஃப் என்ற ஸ்டுடியோ. மூவரும் சின்ன உருவம், பெரிய கோபம். ஆகவே டைகா வாயைத் திறப்பதற்கு முன்பே பார்வையாளர் அவளுக்கு ஒரு பெயர்ச்சீட்டைத் தயாராக வைத்திருந்தார். அந்தச் சீட்டு நீங்கள் இதற்கு முன் எதைப் பார்த்தீர்கள் என்பதைத்தான் சொல்லும். இவள் யார் என்பதற்கு அதில் ஒரு எழுத்துகூட இல்லை. கட்டுரையை எழுதி முடித்த பிறகு ‘சுந்தெரே’ வரும் இடங்களை எல்லாம் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். சொல்ல எதுவும் மிஞ்சவில்லை என்றால், நீங்கள் இன்னும் எழுதத் தொடங்கவில்லை.

கதாநாயகியின் குறையைக் கதையின் கணக்கில் எழுதுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இந்தத் தவறுதான். இதற்கு நான் விலையும் கொடுத்திருக்கிறேன்.

டைகா ஐசாகா கை ஓங்கத் தயங்காதவள். பள்ளியில் அவளுக்கு ‘உள்ளங்கைப் புலி’ என்று பட்டப்பெயர். வழியில் மோதிக்கொண்ட கதாநாயகன் ரியூஜிக்கு முதல் சந்திப்பிலேயே ஓர் அடி விழுகிறது. ரியூஜியின் நண்பன் கிதமுராவுக்கு எழுதிய காதல் கடிதத்தைத் தவறுதலாக ரியூஜியின் பையில் வைத்துவிட்டு, அதை மீட்க இரவில் மரவாளோடு அவன் வீட்டுக்குள் நுழைகிறாள். இவ்வளவையும் பார்த்து ‘முரட்டுப் பெண்’ என்று எழுதினால் பொய்யில்லை.

ஆனால் அதே காட்சியில் அடுத்து என்ன நடக்கிறது? வாளை ஓங்கியவளின் வயிறு சத்தமாக இரைகிறது. பசியில் சுருண்டு விழுகிறாள். ரியூஜி அடுப்பைப் பற்றவைத்து அவளுக்கு ஃபிரைட் ரைஸ் செய்து போடுகிறான். அந்தக் கடித உறைக்குள் கடிதமே இல்லை. அவசரத்தில் வெறும் உறையை ஒட்டியிருக்கிறாள். பிறகு அவன் அவளுடைய வீட்டுக்குப் போகிறபோது நமக்கும் உள்ளே பார்க்கக் கிடைக்கிறது. வசதியான அடுக்குமாடி வீடு, அதில் தனியாக ஒரு பள்ளி மாணவி, சமையலறைத் தொட்டியில் கழுவாத பாத்திரங்கள் நாறிக் கிடக்கின்றன. வீட்டையும் பணத்தையும் கொடுத்துத் தள்ளி வைக்கப்பட்ட பெண் அவள். இரண்டாவது எபிசோடில் இரவுத் தெருவில், தன்னை யாரும் புரிந்துகொள்வதில்லை என்று கத்திக்கொண்டே விளக்குக் கம்பத்தை உதைக்கிறாள். ரியூஜியும் சேர்ந்து உதைக்கிறான்.

நான் அப்போது நான்கு எபிசோடு பார்த்துவிட்டு எழுதினேன். 25 எபிசோடும் வெளிவந்து முடிந்திருந்த நேரம் அது. காத்திருக்க வேண்டிய தேவைகூட இல்லை. நண்பர்கள் நடத்திய சிறு இதழில் கட்டுரை வந்தது. பாராட்டும் கிடைத்தது. அதைப் படித்துவிட்டு, அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகள் அந்தத் தொடரைத் தொடவே இல்லை. கல்லூரிக்குப் போன பிறகு, விடுதியில் யாரோ போட்டுக் காட்ட முழுவதும் பார்த்திருக்கிறாள். ஒரு இரவு போன் செய்தாள். “அத்தை, அந்தக் கரடி வேஷத்தைப் பற்றி நீங்கள் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவள் கேட்டது 19ஆவது எபிசோடைப் பற்றி. கிறிஸ்துமஸ் இரவில் தனியாக இருக்கும் டைகாவின் ஜன்னலுக்கு வெளியே, கரடி வேஷத்தில் சாண்டாவாக ரியூஜி வந்து நிற்கும் காட்சி. நான் அதுவரை போகவே இல்லை. என் பேச்சைக் கேட்டு அவளும் ஐந்து வருடம் போகவில்லை. பதினைந்து வயதில் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒன்றைக் கெடுத்தது என் ஒரு வரி.

ஆகவே குறை எழுத உட்காரும்போது, முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பெண்ணின் குறை கதைக்குத் தெரியுமா? தெரிந்தால், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்? தனக்குத் தெரிந்ததைக் கதை வசதிக்கேற்ப மறந்துவிடுகிறதா? மறக்கிற இடம்தான் கதையின் குறை.

இதே தொடரில் கதை தன் வேலையைச் சரியாகச் செய்த இடம் ஒன்று இருக்கிறது. டைகாவின் தந்தை திரும்பி வந்து பாசம் காட்டும்போது, ஏற்றுக்கொள் என்று அவளை வற்புறுத்துகிறவன் ரியூஜி. தந்தை இல்லாமல் வளர்ந்தவன். தன் ஏக்கத்தை அவள் தலையில் ஏற்றுகிறான். அந்தத் தந்தையை ஏற்கனவே அறிந்த, டைகாவின் நெருங்கிய தோழி மினோரி எச்சரித்தும் கேட்பதில்லை. பள்ளி விழா நாளில் தந்தை வரவில்லை. மேடையில் நிற்கும் டைகாவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ரியூஜிக்குத் தன் தவறு உறைக்கிறது. அவன் செய்த பிழையைக் கதை விடாமல் பின்தொடர்ந்து வந்து வசூலித்துவிட்டது.

இப்போது டைகாவின் கைக்கு வாருங்கள். முதல் எபிசோடுகளில் அவள் அடித்தால் அது வெறும் சிரிப்பு. வலி இல்லை, காயம் இல்லை, மன்னிப்பு இல்லை. 16ஆவது எபிசோடில் அதே டைகா, கிதமுராவின் மனத்தை உடைத்த மாணவர் மன்றத் தலைவி சுமிரேயைத் தேடி மரவாளோடு வகுப்பறைக்குள் புகுகிறாள். இருவரும் கட்டிப் புரண்டு அடித்துக்கொள்கிறார்கள். இந்த முறை அடிக்குக் கனம் இருக்கிறது. பள்ளி அவளை இடைநீக்கம் செய்கிறது. ஒரே கைக்கு இரண்டு சட்டங்கள். ரியூஜி வாங்கிய அடிகளை இந்த அடியின் வெளிச்சத்தில் கதை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் முரடாக இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. அந்த முரட்டுத்தனத்துக்கு எது எடை, எது எடையில்லை என்று கதை தனக்குள் தீர்மானிக்கவில்லை என்பதுதான் என் புகார்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. அதை யாருமே எழுதுவதில்லை. டைகாவின் மனம் இரண்டு முக்கியமான இடங்களில் அவள் விருப்பமின்றித் திறக்கப்படுகிறது. கிறிஸ்துமஸ் இரவில் ரியூஜியை, அவன் விரும்பும் மினோரியிடம் அனுப்பிவிட்டு, தாங்க முடியாமல் வெறுங்காலோடு தெருவுக்கு ஓடி வந்து அவன் பெயரைச் சொல்லி அழுகிறாள். அதை மினோரி பார்த்துவிடுகிறாள். பிறகு பனிச்சறுக்குப் பயணத்தில் சரிவில் விழுந்து, தூக்கிச் செல்கிறவன் கிதமுரா என்று நினைத்து, ரியூஜியின் மீதான காதலை அரை நினைவில் சொல்லிவிடுகிறாள். கேட்டுக்கொண்டிருப்பவன் ரியூஜியே. இரண்டும் மனத்தைப் பிசைகிற காட்சிகள்தான். ஆனாலும் கதையின் நடுவில் நிற்கிற பெண்ணின் ரகசியம் இரண்டு முறையும் தற்செயலாகத்தான் மற்றவர் காதுக்குப் போகிறது. அவளாக வாய் திறந்து சொல்வதற்கு மினோரி வந்து நெருக்க வேண்டியிருக்கிறது. டைகாவைத் திட்டுகிற யாருக்கும் இது கண்ணில் படாது. டைகாவுக்காக ஆதங்கப்படுகிறவருக்குத்தான் படும்.

‘ஜப்பானிய நகைச்சுவை அப்படித்தான்’ என்று மூடிவிடுவது

மேலே சொன்ன தவறைத் திருத்திக்கொண்டவர்கள் அடுத்து விழும் பள்ளம் இது. மன்சாய் என்ற இருவர் நகைச்சுவையில், ஒருவர் அசட்டுத்தனமாக ஏதாவது சொல்வார். மற்றவர் அவர் தலையில் தட்டித் திருத்துவார். முன்னவர் ‘போக்கே’, பின்னவர் ‘சுக்கோமி’. அனிமேயில் விழும் பல அடிகளுக்கு இந்த மரபு வேர் என்பது உண்மை. ஆனால் அங்கே அடி விழுவது அசடு மீது. ரியூஜி அசடு அல்ல. சமைக்கிறான், துடைக்கிறான், மடித்து வைக்கிறான். மரபைச் சுட்டினால் போதாது. இந்தக் காட்சிக்கு அது பொருந்துகிறதா என்றும் சொல்லுங்கள்.

யார் கண்ணில் கதை நடக்கிறது என்று பார்க்காமல் எழுதுவது

தலைப்பில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தால் அது அவள் பார்வையில் நகரும் கதை என்று எண்ணிக்கொள்கிறோம். ‘சுசுமியா ஹருஹியின் சோகம்’ என்ற அனிமே அப்படித் தலைப்பிட்ட கதைதான். முழுவதும் சொல்கிறவன் கியோன் என்ற பையன். ஹருஹி என்ன நினைக்கிறாள் என்பது நமக்குத் தெரிவதெல்லாம் அவன் சலிப்பின் வழியாகத்தான். “ஹருஹிக்கு உள்மனமே இல்லை” என்று எழுதுவதற்கு முன், அதைக் காட்டும் உரிமை யாரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். டோராடோராவிலும் பெரும்பாலான நேரம் நாம் ரியூஜியின் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறோம். 19ஆவது எபிசோடு அவ்வளவு ஆழமாகத் தைப்பதற்கு ஒரு காரணம், அங்கே அவன் போய்விடுகிறான், நாம் அவளோடு தங்கிவிடுகிறோம்.

தயாரிப்பாளரின் முடிவை அவள் தலையில் கட்டுவது

2009இல் ஹருஹியின் புதிய எபிசோடுகள் வந்தபோது, கோடை விடுமுறையின் கடைசி இரண்டு வாரம் திரும்பத் திரும்ப நிகழும் ஒரே கதையை எட்டு வாரம் ஒளிபரப்பினார்கள். கதைக்குள் அந்தச் சுழற்சி 15,532 முறை. எட்டு எபிசோடுகளையும் கியோட்டோ அனிமேஷன் புதிதாகவே வரைந்தது. உடைகள் மாறின, கோணங்கள் மாறின. பார்த்தவர்களின் பொறுமை போனது. அது ஒளிபரப்பைத் திட்டமிட்டவர்களின் முடிவு. “ஹருஹி சலிப்பூட்டுகிறாள்” என்று அதற்குத் தலைப்பு வைத்தால், அடி தவறான ஆள் மீது விழுகிறது.

சப்டைட்டில் வரியை மேற்கோள் காட்டுவது

ஜப்பானிய வசனத்தைக் கேட்டுச் சரிபார்க்காமல் காட்டாதீர்கள்.

மதிப்பெண்

கடைசியாகப் போடுங்கள்.

முடிவைப் பற்றி ஒரே வாக்கியம் எழுதுவது

“முடிவு அவசரம்” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எது அவசரம்? டோராடோராவின் மூல லைட் நாவல் (இளம் வாசகர்களுக்கான ஜப்பானிய நாவல் வகை) முதன்மைக் கதையாகவே 10 தொகுதி. அது 25 எபிசோடுக்குள் அடங்க வேண்டும். அந்த நெருக்கடி பெரும்பாலும் வெளியே தெரியாத வகையில் மாரி ஒகாடாவின் திரைக்கதை நடக்கிறது. எனக்கு இடறுவது ஒரே இடம். டைகா கடைசியில் ரியூஜியை விட்டுப் பிரிந்து போவது தாயோடு உள்ள உறவைச் சரிசெய்ய. அந்தத் தாய் நம் கண்முன் வருவதே கடைசிக் கட்டத்தில்தான். தந்தையின் துரோகத்துக்கு எத்தனை எபிசோடு கொடுத்தார்கள்! மேடையையும், ஓட்டப் பந்தயத்தையும், வராத மனிதருக்காக அவள் காத்திருந்ததையும் நாம் கூடவே அனுபவித்தோம். தாய்க்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே அவள் போகும்போது, அவளுக்குக் காரணம் இருக்கிறது, நமக்கு இல்லை. “அவசரம்” என்ற சொல்லுக்குப் பதில் இப்படி ஒரு முகத்தைக் காட்டினால் படிக்கிறவருக்கு உங்களோடு வாதாட இடம் கிடைக்கும்.

அந்தக் கல்லூரி மாணவரிடம் ஒரு வேலை கொடுத்தேன். டைகா கை ஓங்கும் ஒவ்வொரு காட்சியையும் எபிசோடு எண்ணோடு எழுதி, பக்கத்தில் ‘யாருக்கு வலிக்கிறது’ என்று ஒரு கட்டம் போடச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துத் தாள் வந்தது. முதல் பக்கம் முழுக்க அந்தக் கட்டம் காலியாக இருந்தது. 16க்கு எதிரே மட்டும் மூன்று பெயர்கள்: சுமிரே, கிதமுரா, டைகா. கீழே பென்சிலில், “ரியூஜியின் பெயரை எங்கே எழுதுவது?” என்று கேட்டிருந்தார்.