சந்தைக் கோழியை அன்றைக்கே கூட்டில் விடாதீர்கள்

எங்கள் தெருவில் இந்தப் பொங்கலுக்குப் பிறகு மூன்று வீடுகளில் கோழிக்கூடு வந்துவிட்டது. ஒரு வீட்டில் மாடிப்படிக்குக் கீழே, ஒரு வீட்டில் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், இன்னொன்றில் மொட்டை மாடியில். முட்டைச் செலவு மிச்சம், சாப்பாடு வீணாகாது, செடிக்கு எரு கிடைக்கும் என்று எல்லாரும் ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள். கணக்கு சரிதான். திருச்சியில் முக்கால் சென்ட் கொல்லையை வைத்துக்கொண்டு நானும் பல வருடங்களாக இதே கணக்கில்தான் குடும்பம் ஓட்டுகிறேன். ஆனால் பழகிய புதிதில் நான் சறுக்கிய இடங்களிலேயே இவர்களும் வரிசையாகச் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

தண்ணீரை மாற்றுங்கள், பொழுது சாய்ந்ததும் கூட்டை மூடுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பண்ணைக் கோழியின் கணக்கை நாட்டுக்கோழிக்குப் போடுவது

நாலு கோழி வாங்கினால் தினம் நாலு முட்டை என்று நினைக்கிறார்கள். நாமக்கல் பண்ணைகளில் இருக்கும் வெள்ளை லெகார்ன் கோழி வருடத்துக்கு 300 முட்டை வரை இடும். அதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் அது. நம் ஊர்ச் சின்ன நாட்டுக்கோழியான சிறுவிடை 10 முதல் 15 முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். பொரித்தால் குஞ்சுகளோடு சுற்றிக்கொண்டிருக்கும், அப்புறம்தான் அடுத்த ஈடு. வருடம் முழுக்கக் கூட்டினாலும் 60, 80 முட்டை தேறும்.

முட்டைதான் முக்கியம் என்றால் ஐதராபாத்தில் உருவாக்கிய கிராமப்பிரியா மாதிரி இனத்தை எடுங்கள். நாட்டுக்கோழியைவிட இரண்டு மூன்று மடங்கு இடும். ஆனால் அடை உட்காரும் குணம் அதற்குக் குறைவு. தானே குஞ்சு பொரித்துப் பெருக வேண்டுமென்றால் சிறுவிடை. பெருவிடை என்ற பெரிய நாட்டுக்கோழியை அதன் உயரத்தையும் நடையையும் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முட்டைக்காக அதை வாங்காதீர்கள்.

சேவல்

முட்டையிடச் சேவல் தேவையில்லை. குஞ்சு வேண்டுமென்றால் சேவல் இருக்கிற வீட்டில் முட்டை வாங்கி அடை வையுங்கள்.

புதுக்கோழியை நேராகக் கூட்டில் விடுவது

இதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இந்த ஒரு தவறை இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அக்கா குஞ்சிலிருந்து வளர்த்து ஐந்து சிறுவிடைகளை முட்டைக்குக் கொண்டுவந்திருந்தார். மார்கழியிலும் முட்டை எடுத்தார். சிக்கனமான மனுஷி, காய்கறிக் கடையில் உதிர்ந்து கிடக்கும் முட்டைக்கோஸ் இலையைக்கூட விடமாட்டார். ஒரு நாள் வாரச்சந்தையிலிருந்து காலைக் கட்டி ஒரு செங்கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிலோவுக்கு 50 ரூபாய் குறைவாகக் கிடைத்ததாம். "கொஞ்ச நாள் தனியா கட்டிப் போடுங்கக்கா" என்றேன். "பார்த்தா நல்லாத்தானே இருக்கு தம்பி" என்று சொல்லி, அன்று சாயங்காலமே மற்றக் கோழிகளோடு அடைத்துவிட்டார்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. முதலில் ஒரு கோழி இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் தூங்கி விழுந்தது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல். அடுத்து இரண்டு கோழிகள் வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறின. ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. கடைசியில் ஐந்தும் போயின. சந்தையிலிருந்து வந்த செங்கோழி மட்டும் தெம்பாகக் கொத்திக்கொண்டு திரிந்தது. அக்கா கண்ணேறு என்றார்.

கண்ணேறு இல்லை, வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதைத்தான். இது வைரஸ் நோய். கிருமி உடம்புக்குள் போன பிறகு அறிகுறி தெரிய பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும், சில கோழிகளில் இரண்டு வாரம்கூட இழுக்கும். அதனால்தான் சந்தையில் பார்க்கும்போது கொண்டை சிவப்பாக, கண் பளிச்சென்று இருக்கிறது. இன்னொரு விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. முன்பே தடுப்பூசி போட்ட கோழியோ, நோய் வந்து தப்பித்த கோழியோ தனக்கு ஒன்றும் ஆகாமலே கிருமியை எச்சத்தில் வெளியேற்றலாம். செங்கோழி சாகாமல் நின்றதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். வாங்கும்போது உற்றுப் பார்த்து நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்? புதுக்கோழியை 21 நாள் தனியாக வையுங்கள். தனியாக என்றால் அதே கூட்டுக்குப் பக்கத்தில் பஞ்சாரம் போட்டுக் கவிழ்ப்பது இல்லை. வீட்டின் மறுபக்கம், தனித் தண்ணீர்க் கிண்ணம், தனித் தீவனத் தட்டு. காலையில் முதலில் பழைய கோழிகளைப் பாருங்கள், புதுசைக் கடைசியில் பாருங்கள், பார்த்த பிறகு கைகால் கழுவுங்கள். கிருமி செருப்பில் ஒட்டிக்கொண்டும் வரும். இடம் இல்லை என்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: அந்த 21 நாளுக்கு ஒரு மூலையை ஒதுக்க முடியாத வீட்டில், புதுக்கோழி வாங்காமல் இருக்கும் கோழியையே அடை வைத்துப் பெருக்குவது நல்லது.

அடுத்தது தடுப்பு மருந்து. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரத்தில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி என்பது பொதுவான முறை. ஊசி மருந்து கொஞ்சம் வீரியமானது. முதலில் சொட்டு மருந்து வாங்கிய, ஆரோக்கியமான கோழிக்குத்தான் அதைப் போட வேண்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் வீட்டுக்கோழிகளுக்கு இலவசமாகவே போடுகிறார்கள், பல ஊர்களில் அதற்குச் சனிக்கிழமை. போகும் முன் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் குப்பி நூறு கோழிக்கும் அதற்கு மேலுமாக இருக்கும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். நாலு கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் காசு வீண். தெருவில் இருக்கிற எல்லாரும் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொண்டால் செலவு பிரிந்துவிடும், அதைவிட முக்கியமாக, தெருவில் நோய் நுழைய இடம் குறையும்.

லசோட்டாவைக் குடிதண்ணீரில் கலப்பவர்கள் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அப்படியே கலந்துவிடுகிறார்கள். அதில் இருக்கும் குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். மருந்து கொடுத்தோம் என்ற நிம்மதி மட்டும்தான் மிஞ்சும். குளோரின் கலக்காத கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ எடுங்கள், வெயில் ஏறும் முன் கொடுங்கள்.

நோய் வந்த பிறகு மெடிக்கலில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கரைத்து ஊற்றுவது இன்னொரு வீண்செலவு. வைரஸை அது தொடாது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், ஆனால் அதைத் தடுப்பூசிக்குப் பதிலாக நினைக்க வேண்டாம்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இதற்கு அடுத்து நடப்பதைப் பார்த்துத்தான். ஒன்றிரண்டு கோழி செத்ததும் மிச்சத்தைக் கிடைத்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுகிறார்கள். போட்ட காசை எடுத்துவிட்டதாக நினைப்பு. அந்தக் கோழியை நூறு, இருநூறு மிச்சமாகிறது என்று வாங்கிப் போகிறவரும் நம்மைப் போல ஒரு கூடு வைத்திருப்பவர்தான். இந்தச் சுற்று இப்படித்தான் ஊர் ஊராகப் போகிறது. செத்த கோழியைச் சாக்கடையில் வீசுவதும் அதே கதைதான். நாயும் காக்காயும் இழுத்துக்கொண்டு போய் நாலு தெருவுக்குப் பரப்பும். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கூட்டைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, நல்ல வெயில் படவிட்டு, குறைந்தது ஒரு மாதம் காலியாக வையுங்கள். அக்கா பத்தே நாளில் புதுக்குஞ்சு வாங்கி விட்டார். அதையும் சொல்லிப் பார்த்தேன்.

மலிவு என்று பூசணம் பிடித்த தானியம் வாங்குவது

அரிசி மண்டியில் நனைந்த குருணை, பூசணம் பிடித்த மக்காச்சோளம், நாள்பட்ட கடலைப் புண்ணாக்கு எல்லாம் பாதி விலைக்குக் கிடைக்கும். கோழிதானே தின்னும் என்று வாங்கிவிடக் கூடாது. பூசணத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும், முட்டை குறையும், குஞ்சுகள் சாகும். காயவைத்தாலும் வறுத்தாலும் விஷம் முழுக்கப் போகாது.

வெறும் சோறு மட்டும் போடுவதும் சிக்கனம் இல்லை. வயிறு நிறையும், முட்டை வராது. புரதம் வேண்டும். அதற்குக் காசே செலவழிக்காத வழி நம் ஊர்க் கிராமங்களில் எப்போதும் உண்டு. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீவனம் கிடையாது. வீட்டுச் சுவரையும் மரச் சாமான்களையும் விட்டுத் தள்ளி வையுங்கள். வளர்ந்த கோழிக்கு முருங்கைக்கீரை, மீன் அலசிய கழிவை வேகவைத்தது, தொட்டித் தண்ணீரில் வளர்த்த அசோலா என்ற மிதக்கும் செடி. அசோலாவை நன்றாகக் கழுவித்தான் போட வேண்டும், இல்லையென்றால் வாடைக்குக் கோழி தொடாது.

ஊறுகாய், அப்பளம், கருவாடு, உப்பு தூக்கலான குழம்பு எதுவும் கூடாது. கோழிக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது.

முட்டை ஓட்டைக் காயவைத்து, ஓடு என்றே தெரியாத அளவுக்குப் பொடித்துப் போடுங்கள். பெரிய துண்டாகப் போட்டால் தன் முட்டையையே கொத்திப் பழகும்.

கோழிவலையை நம்புவது

அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான். கீரியும் நாயும் உள்ளே வராமல் இருக்க வெல்டு மெஷ் என்ற பற்றவைத்த கம்பி வலை வேண்டும், பெருச்சாளிக்கு அடியிலும்.

அடைக்கோழியைத் தண்ணீரில் முக்குவது

வேண்டாம். அடி காற்றோட்டமாக இருக்கும் கம்பிக் கூண்டில் தீவனம் தண்ணீரோடு சில நாள் விட்டால் அடை தானாகத் தெளியும்.

தகரக் கூரை

சித்திரை வெயிலுக்கு முன்பே மேலே தென்னங்கீற்று போட்டுவிடுங்கள், மொட்டை மாடிக்காரர்கள் கட்டாயம்.

எச்சத்தைப் பச்சையாகச் செடிக்குப் போடுவது

கோழி எரு சூடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் தழைச்சத்து அதிகம். பச்சையாகப் போட்டால் கத்தரி, மிளகாய்க் கன்று ஒரே வாரத்தில் இலை ஓரம் கருகி நிற்கும். காய்ந்த இலைச்சருகோடு மாற்றி மாற்றி அடுக்கி, மூடி வைத்து, இரண்டு மூன்று மாதம் மக்கவிடுங்கள். வாடையே இல்லாமல் மண் நிறத்துக்கு வந்த பிறகு போடலாம்.

நகரத்தில் கோழி வளர்ப்பு நிற்பது பெரும்பாலும் வாடையால்தான். பக்கத்து வீட்டார் புகார் சொல்ல, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்ல, கோழி கறியாகிவிடுகிறது. கூட்டின் தரையில் நாலு விரல் உயரத்துக்கு உமியோ மரத்தூளோ பரப்பி, வாரம் இரண்டு தடவை கிளறிவிட்டால் எச்சம் உலர்ந்துவிடும், வாடை வராது. ஈரம்தான் எதிரி. தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு செங்கல்லின் மேல் வையுங்கள், காலால் கிளறித் தரையில் கொட்டாது. நனைந்த உமியை அன்றன்றே அள்ளி எருக்குழியில் போட்டுவிடுங்கள்.