தியலுமவில் நயாகராவைத் தேடாதீர்கள்: களப்பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்திலிருந்து உயர்தரப் புவியியல் மாணவரைத் தியலும நீர்வீழ்ச்சியைக் காட்ட மலையகத்துக்கு அழைத்துச் செல்லும் இளம் ஆசிரியர்கள், தாங்கள் தயாரித்த குறிப்பேடுகளைப் பயணத்துக்கு முன் என்னிடம் காட்டுவதுண்டு. அண்மையில் வந்த மூன்றிலும், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகள் இருந்தன. வழுக்கும் பாறை, அட்டைக்கடி, குளிக்கக் கூடாத தடாகம் ஆகியவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நயாகராவின் படத்தைத் தியலுமவுக்கு வரைதல்

மேலே வன்பாறைப் படை, கீழே மென்பாறைப் படை. கீழ்ப்படை அரிபட, மேற்படை முன்தள்ளி நின்று உடைந்து விழும். நீர்வீழ்ச்சி என்றதும் நாம் எல்லோரும் கரும்பலகையில் வரைகின்ற படம் இதுதான். நயாகராவுக்கு இது முற்றிலும் பொருந்தும். அங்கே மேலே டொலமைட்டுப் பாறையும் அதன் கீழே மென்மையான களிப்பாறையும் கிடப்பதால், ஏறத்தாழ 12,000 ஆண்டுகளில் அந்த நீர்வீழ்ச்சி 11 கிலோமீற்றர் வரை பின்வாங்கியிருக்கிறது.

என் முதற் களப்பயணத்துக்கு அந்தப் படத்தையே வரைந்து, அடியில் தியலுமவின் பெயரை எழுதி, வகுப்பு முழுவதற்கும் பிரதி எடுத்தேன். கிணறு வெட்டும்போது சுண்ணாம்புக்கல் படைபடையாகப் பெயர்ந்து வருவதைக் கண்டு வளர்ந்த எனக்கு, எந்த ஊர்ப் பாறையும் அப்படியே கிடக்கும் என்ற எண்ணம் ஊறியிருந்தது. நீர்வீழ்ச்சியின் அடியில் நின்றபோது ஒரு மாணவி, "சேர், இதில மென்பாறை எது?" என்று கேட்டாள். பாறை முகத்தில் தெரிந்த கரிய பட்டை ஒன்றைக் காட்டி, "அதுதான்" என்றேன். அந்தப் பிள்ளைகள் அதைப் பரீட்சையிலும் எழுதினார்கள். அவர்கள் இழந்த புள்ளிகளை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. அதே படத்தை இன்னொருவரின் குறிப்பேட்டில் காணும்போது எரிச்சலும் வருகிறது.

அந்தக் கரிய பட்டை மென்பாறைப் படையே அல்ல. மத்திய மலைநாட்டுப் பாறைகள், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், புவியோட்டின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உட்பட்டு உருமாறியவை. அப்போது கனிமங்கள் பிரிந்து அடுக்கானதால் நைஸ் எனப்படும் இந்த உருமாறிய பாறையில் வெளிர்நிறமும் கருநிறமும் மாறிமாறி ஓடுகின்றன. கைவில்லையைப் பிடித்துப் பாருங்கள்: வெண்ணிற வரியில் படிகமும் (குவாட்ஸ்) களிக்கல்லும் (பெல்ஸ்பார்), கரிய வரியில் மினுங்கும் மைக்காத் தகடுகள், சில துண்டுகளில் அவற்றுக்கிடையே குரக்கன் மணியளவில் செந்நிறக் கார்னெற்றுகள். இரண்டு வரிகளும் ஒரே கடினமான பாறையின் பகுதிகள்.

அப்படியானால் 220 மீற்றர் செங்குத்து எங்கிருந்து வந்தது? தியலும, மலைநாடு தெற்கே சட்டென முடிகின்ற பெருஞ்சரிவின் விளிம்பில் நிற்கிறது. இந்தச் சரிவுகளை நீண்டகால அரிப்பு உருவாக்கியதா, பிளவுகள் வழியே நிலம் மேலெழுந்ததா என்பதில் 1929இல் எழுதிய புவிச்சரிதவியலாளர் அடம்ஸும் பின்னர் வந்த வாடியாவும் வேறுபட்டார்கள். எந்த விளக்கத்தை எடுத்தாலும், பூனாகலை ஓயா போன்ற ஒரு சிற்றாறு இந்த மலைமுகத்தைத் தனியே செதுக்கியிருக்க இயலாது. ஏற்கெனவே இருந்த விளிம்பை வந்தடைந்து அது வழிகிறது. பாறையின் மூட்டுகளுக்குள், அதாவது இயற்கையான வெடிப்புகளுக்குள், நீர் புகுந்து கட்டிகளைத் தளர்த்துவதால் முகம் மெல்ல மெல்ல உதிர்கிறது. நீர் பாறையைத் தழுவியபடியே வெண்ணூல்களாகப் பிரிந்து இறங்குவதையும், உச்சியில் சுழலும் கூழாங்கற்கள் அரைத்த குழிகள் தடாகங்களாகி நிற்பதையும் மாணவருக்குக் காட்டுங்கள். தியலுமவின் அழகும் அதன் புவிச்சரிதவியலும் அந்த இரண்டு காட்சிகளிலேயே ஒன்றாக இருக்கின்றன.

உயரத்தை மட்டும் எழுதுதல்

பம்பரகந்த 263 மீற்றர், தியலும 220 மீற்றர் என்ற வரிசை பாறையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஓகஸ்ட் விடுமுறையில் போதல்

தென்மேல் பருவக்காற்று தலவாக்கலைப் பக்கத்தை நனைக்கும் அந்த மாதத்தில் தியலும நிற்கும் ஊவாச் சரிவு வறண்டு கிடக்கும். தியலும சில நூலிழைகளாக மெலிந்துவிடும். நம் கிணறுகளை நிறைக்கும் ஐப்பசி, கார்த்திகை மழையே அதையும் நிறைக்கிறது. ஆனால் அந்த மழையின் உச்சத்தில் பிள்ளைகளை அங்கே கொண்டு செல்ல வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மண் மூடியது, தியலும இருக்கும் அதே கொஸ்லாந்தைப் பகுதியில்தான். தைப்பொங்கல் கழிந்து, மழை ஓய்ந்து, நீர் இன்னும் வற்றாத நாட்களே ஏற்றவை.

பாறையை உடைத்தெடுத்தல்

வேண்டாம். வீதியோரத்தில் உதிர்ந்து கிடக்கும் துண்டு போதும்.

ஊர்க் கல்லைக் கொண்டு போகாதிருத்தல்

இதை நான் பிந்தியே கற்றேன். புறப்படும்போது நம் யாழ்ப்பாணத்து மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு துண்டையும் இரண்டு தேசிக்காய்களையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நீர்வீழ்ச்சியின் அடியில் இரண்டு கற்களையும் அருகருகே வைத்து, மேற்பரப்பை ஆணியால் சுரண்டி, தேசிக்காய்ப் புளியை விடச் சொல்லுங்கள். ஊர்க் கல்லின் பொடி நுரைக்கும். நைஸ் அசையாமல் கிடக்கும். கடல் படியவைத்த கல்லும் புவியின் ஆழத்தில் வெந்த கல்லும் ஒரே உள்ளங்கையில் இருக்கும்போது, மென்பாறை எது என்ற கேள்வியைப் பிள்ளைகள் வேறு விதமாகக் கேட்கத் தொடங்குகிறார்கள்.