ஷ்வேடகோன் போகிறீர்களா? பிறந்த கிழமையைத் தெரிந்துகொண்டு போங்கள்

மியான்மரின் ரங்கூனில் (இப்போது யாங்கோன்) குன்றின் மேல் இருக்கும் புத்தர் கோயிலான ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, உச்சி வெயிலில் போவது. மேல்தளம் பெரும்பாலும் சலவைக்கல், வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் போனால் தங்கக் கோபுரத்தையா பார்ப்பீர்கள், நிழல் எங்கே என்றுதான் பார்ப்பீர்கள். வெயில் தாழ்ந்த பிறகு போய், விளக்கு போட்ட பின்னும் கொஞ்ச நேரம் இருங்கள். உச்சியில் 76 காரட் வைரம் ஒன்று இருக்கிறது. தளத்தில் சில குறிப்பிட்ட இடங்களில் நின்று அண்ணாந்து பார்த்தால் அது மின்னும்; ஓரடி தள்ளி நின்றால் நிறம் மாறும். அந்த இடங்களை உள்ளூர்க்காரர்களிடம் கேளுங்கள், கைகாட்டுவார்கள்.

சூட்டுக்குப் பயந்து சாக்ஸ் போடலாமா என்றால், கூடாது. ஆங்கிலேயர் காலத்தில் வெள்ளைக்காரர்கள் பூட்ஸோடு ஏறியது 1910களில் பெரிய அரசியல் பிரச்சினையாகவே வெடித்தது. அரைக்கால் சட்டையும் வேண்டாம். அங்கே எல்லோரும் கட்டும் லோஞ்ஜி நம் கைலி மாதிரிதான், ஒன்று வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், பிறந்த கிழமை தெரியாமல் போவது. நம்மவர்களுக்கு நட்சத்திரம் நாக்கு நுனியில் இருக்கும், கிழமை கேட்டால் முழிப்பார்கள். ஷ்வேடகோனைச் சுற்றி எட்டுத் திசையிலும் கிழமைக்கு ஒரு சன்னதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கு. திங்களுக்குப் புலி, கிழக்கே. செவ்வாய்க்குச் சிங்கம், தென்கிழக்கே. வியாழனுக்கு எலி, மேற்கே. ஏழு கிழமைக்கு எட்டு சன்னதி எப்படி? புதனை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். காலையில் பிறந்தவருக்குத் தந்தமுள்ள யானை, தெற்கே. மதியத்துக்கு மேல் பிறந்தவருக்குத் தந்தமில்லாத யானை, வடமேற்கே. அது ராகுவின் இடம்! அவரவர் சன்னதியில் புத்தர் சிலைக்குச் சின்னக் கிண்ணத்தால் தண்ணீர் மொண்டு ஊற்றுவார்கள். நீங்களும் ஊற்றலாம். இதை விட்டுவிட்டு செல்ஃபி மட்டும் எடுத்துவிட்டு வருவது வீண் அலைச்சல்.

சுற்றும்போது நம் கோயில் போலவே வலமாகச் சுற்றுங்கள். புத்தரை நோக்கிக் கால் நீட்டி உட்காராதீர்கள். பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது. உடம்பில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்தால் மறைத்துக்கொள்ளுங்கள். காலில் குத்தியிருந்ததற்காக வெளிநாட்டுக்காரர்களை நாட்டைவிட்டே அனுப்பியிருக்கிறார்கள்.

கடைசியாகச் செருப்பு. நான்கு திசையிலும் வாசல் உண்டு. சுற்றி வந்த மயக்கத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். தெற்கு வாசலில் விட்டுவிட்டுக் கிழக்கே இறங்கினால், குன்றைச் சுற்றி வெறுங்காலோடு நடக்க வேண்டியதுதான். ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.